காந்தலூருக்கு உடுமலை வழியாகப் போங்கள், இரண்டு இரவாவது தங்குங்கள்

எங்கள் வயலுக்கு அமராவதி வாய்க்காலில்தான் தண்ணீர் வரும். அணையை எப்போது திறப்பார்கள் என்று அப்பா வருஷா வருஷம் காத்திருப்பார். மலைப்பக்கமிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரிக்காரர்கள் டீக்கடையில் நின்றால், "மறையூர்ப் பக்கம் மழை எப்படிங்க?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. நான் புவியியல் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த பிறகு, அந்தத் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று நேரில் பார்க்க ஆசை வந்தது. 2004 ஆகஸ்டில் அப்பா, அம்மா இருவரையும் கூட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறினேன். அப்படித்தான் காந்தலூர் எனக்குப் பழக்கமானது. அதற்குப் பிறகு போகாத வருஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

காந்தலூர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் விவசாயக் கிராமம். கீழே மறையூர்ப் பள்ளத்தாக்கு. அதற்கும் கீழே சின்னாறு வனவிலங்கு சரணாலயம். முதுகுப்பக்கம் மன்னவன்சோலை, அது ஆனைமுடிச்சோலை தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. மூணாறு சாலையில் போனால் இரவிகுளம் தேசியப் பூங்கா. போகிற வழியெல்லாம் அருவிகள். 2023-ல் இந்தியச் சுற்றுலா அமைச்சகம் நடத்திய சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் இந்த ஊருக்குத் தங்கம் கிடைத்தது. அதிலிருந்து கூட்டம் கூடிவிட்டது. என்னிடம் வழி கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

பெரும்பாலானவர்கள் மூணாறில் அறை எடுத்து, ஒரு நாள் காலையில் கிளம்பி, காந்தலூரில் ஒரு ஆப்பிள் தோட்டத்தில் போட்டோ எடுத்து, ஒரு ஜீப்பில் சுற்றி, சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். உடுமலைப் பக்கமிருந்து ஏறுங்கள். முள்காட்டில் தொடங்கி, சந்தனக்காடு, கரும்பு வயல், பூண்டு வயல், கடைசியில் சோலை என்று மலை ஒவ்வொரு படியாக மாறுவது அந்த வழியில்தான் தெரியும்.

எந்த மாதம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அருவியைப் பார்ப்பதும் அருவியில் உயிர் பிழைப்பதும் இரண்டும் இதில்தான் இருக்கின்றன.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வந்து ஆனைமலைத் தொடரில் மோதுகிறது. மூணாறில் நாள் கணக்கில் கொட்டித் தீர்க்கும். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் மிச்சமிருக்காது. சின்னாற்றில் ஜூலை மாதத்தில்கூட வேலமரமும் கள்ளியும் புழுதியில் நிற்பதைப் பார்க்கலாம். பாடப்புத்தகத்தில் 'மழை மறைவுப் பிரதேசம்' என்று இரண்டு வரியில் நாங்கள் நடத்துவது இதைத்தான். மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்டியதைவிட, ஒரு முறை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனபோது ஐந்தே நிமிஷத்தில் அவர்களுக்குப் புரிந்தது.

ஆனால் இங்கே ஓடி, கீழே எங்கள் அமராவதிக்குப் போய்ச் சேரும் பாம்பாறு, அந்த மழை கொட்டுகிற ஆனைமுடிச் சரிவுகளிலிருந்து தண்ணீரைக் கொண்டுவருகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்றே ஆறுகளில் அது ஒன்று. மற்றவை கபினியும் பவானியும். அதனால் ஆகஸ்டில் மறையூரில் வெயிலில் நின்றுகொண்டு, நிறைந்து விழும் தூவானம் அருவியைப் பார்க்கலாம். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று நாம் சொல்வோம். இங்கே மழையே வராத இடத்தில் தூவானம் விடாமல் விழுகிறது.

ஆகவே என் முதல் தேர்வு ஆகஸ்ட். காந்தலூரில் ஆப்பிள் பழுக்கும் பருவமும் ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும்தான். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கத்தை நேராகப் பிடிக்கும். பச்சை அழகாக இருக்கும், ஆனால் சாலையில் மண் சரிந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். டிசம்பர், ஜனவரியில் நல்ல குளிர். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு அந்த மாதங்களை நாங்கள் விட்டுவிட்டோம். பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளத்தில் வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் பூங்காவை வழக்கமாக மூடிவிடுவார்கள். காட்டுத்தீ பயமும் அப்போதுதான் அதிகம். கோடை விடுமுறையில் கூட்டம். குறிஞ்சிக்காகப் போவதாக இருந்தால், கடைசியாகப் பூத்தது 2018-ல், அடுத்தது 2030-ல். அதற்கு முன்னால் யாராவது நீலப்பூவைக் காட்டி அழைத்தால் அது வேறு வகைக் குறிஞ்சியாக இருக்கும். அதுவும் அழகுதான், ஆனால் மலை முழுக்க நீலமாகாது.

மேலே ஏறுவது

உடுமலைப்பேட்டை திண்டுக்கல்–பாலக்காடு ரயில் பாதையில் இருக்கிறது. கோவை, பழனி, பொள்ளாச்சியிலிருந்து பஸ் தாராளம். பேருந்து நிலையத்தில் மூணாறு பஸ் எது என்று கேளுங்கள். தமிழக அரசுப் பேருந்தும் கேரள அரசுப் பேருந்தும் ஓடுகின்றன. இரண்டுமே மறையூர் வழியாகத்தான் போகும். உடுமலையிலிருந்து மறையூர் ஏறக்குறைய 45 கி.மீ. காலை முதல் பஸ்களில் ஒன்றைப் பிடியுங்கள். யானை, காட்டெருமை, மான் எல்லாம் சாலையோரம் நிற்கும் நேரம் அது. வெயில் ஏறிவிட்டால் எல்லாம் உள்ளே போய்விடும்.

இட்லி, பொங்கல் என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். முதல் பயணத்தில் அம்மா இரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டார். இப்போது ஒரு டம்ளர் சுக்குக் காப்பி, இரண்டு வாழைப்பழம், அவ்வளவுதான். பையில் ஒரு எலுமிச்சம்பழம். முன்பக்க இருக்கை கிடைத்தால் வயதானவர்களை அங்கே உட்கார வையுங்கள்.

அமராவதி அணைப் பிரிவைத் தாண்டியதும் ஒன்பதாறு செக்போஸ்ட். அங்கிருந்து ஆனைமலைப் புலிகள் காப்பகம். நேரம் இருந்தால் ஏறும் முன்னாலோ இறங்கும்போதோ அணைக்கு ஒரு நடை போய்வரலாம். 1957-ல் கட்டிய அணை. பக்கத்தில் 1976-ல் தொடங்கிய முதலைப்பண்ணை இருக்கிறது. அமராவதியில் இயற்கையாகவே சதுப்புநில முதலைகள் உண்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே காட்டைக் கடந்துவிடுங்கள். வழியில் எங்கும் இறங்காதீர்கள், சாப்பிட, போட்டோ எடுக்க, ஒன்றுக்குப் போக, எதற்கும். செக்போஸ்டிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் குட்டியோடு இரண்டு யானைகள் நின்றன. ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை, கைக்குழந்தைகூட அழவில்லை. அரை மணி நேரம் போல ஆனது. பின்னால் வந்த கார்க்காரர் ஒருவர் பொறுமை இல்லாமல் ஹாரன் அடித்தார். பெரிய யானை காதை விரித்துத் திரும்பியது. எங்கள் ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டி 'வேண்டாம்' என்று காட்டினார். கார் அடங்கியது, யானைகளும் சரிவில் இறங்கிப் போயின. அந்த ஓட்டுநர் செய்ததுதான் சரியான பாடம்: நிறுத்து, சத்தம் போடாதே, காத்திரு.

சின்னாற்றுப் பாலம்தான் மாநில எல்லை. அதைத் தாண்டியதும் கேரள வனத்துறைச் சாவடி. பிளாஸ்டிக் பையையும் தண்ணீர் பாட்டிலையும் பார்ப்பார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனால் சிக்கல் இல்லை.

மறையூரில் அரை நாள்

மறையூரில் இறங்கியதும் நேராகக் காந்தலூர் போய்விடாதீர்கள். பையை ஒரு கடையில் கேட்டு வைத்துவிட்டு, முதலில் வெல்லம் காய்ச்சும் இடத்துக்குப் போங்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் கரும்பு ஏறக்குறைய வருஷம் முழுக்க வெட்டுவதால், ஏதாவது ஒரு வயலோரத்தில் ஆலைக் கொட்டகையிலிருந்து புகை வந்துகொண்டேயிருக்கும். புகையைப் பார்த்துப் போனால் போதும்.

கொட்டகையில் ஆலையாடி எடுத்த சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, காய்ந்த கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சுவார்கள். சுண்ணாம்பு சேர்த்து, மேலே வரும் அழுக்கு நுரையை வழித்துவிடுவார்கள். பாகு பதம் வந்ததும் தொட்டியில் கொட்டித் துடுப்பால் கிளறி, சூடு ஆறுவதற்குள் கையால் உருட்டுவார்கள். நம் பக்கம் மாதிரி அச்சு கிடையாது. ஒவ்வொரு உருண்டையிலும் விரல் பதிந்த தடம் இருக்கும். அந்தக் கொதிக்கிற பாகை வெறுங்கையால் உருட்டுகிறவர்களின் உள்ளங்கையை ஒரு முறை பார்த்தேன். அதற்குப் பிறகு விலை பேசியதில்லை.

வெல்லத்தைக் கொட்டகையிலேயே வாங்குங்கள். 2012 வாக்கில் திரும்பி வரும் அவசரத்தில் சாலையோரக் கடை ஒன்றில் 'மறையூர்' என்று சொன்னதை நம்பி ஐந்து கிலோ வாங்கினேன். பாயசத்தில் உப்புக் கரித்தது. சமவெளியில் காய்ச்சி மேலே கொண்டுவந்து விற்கும் சரக்கு அது. நல்ல மறையூர் வெல்லம் கரும்பழுப்பாக இருக்கும், உப்புச்சுவை தெரியாது, உருண்டைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்து முனியறைகள். நான்கு பக்கம் கல் பலகை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் வைத்த பெருங்கற்காலக் கல்லறைகள் அவை. பாறைமேட்டில் ஏறினால் திறந்த வெளியில் அப்படியே கிடக்கின்றன. சில விழுந்துவிட்டன, சில உடைக்கப்பட்டிருக்கின்றன. மேலே ஏறி உட்கார்ந்து படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதைக்கும். பள்ளிப் பிள்ளைகளோடு போனபோது, உள்ளே கை வைக்காமல் சுற்றி வந்து பார்க்கச் சொன்னேன். பாண்டவர்கள் மறைந்திருந்த ஊர், அதனால் மறையூர் என்று ஒரு கதையும் உண்டு. பக்கத்துக் கோவில்கடவில் பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில் இருக்கிறது. ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே கும்பிடலாம்.

சாலையின் இரு பக்கமும் கம்பிவேலி போட்டு, மரத்துக்கு மரம் எண் எழுதியிருப்பது சந்தனக்காடு. சந்தனம் தனியாக வளராத மரம். பக்கத்து மரத்தின் வேரைத் தன் வேரால் பற்றி அதிலிருந்து சத்து உறிஞ்சித்தான் வாழும். அதனால்தான் இங்கே அது மற்ற மரங்களோடு கலந்தே நிற்கிறது. வாசனை வருமா என்று எல்லோரும் கேட்பார்கள். நிற்கிற மரத்தில் வராது; வாசனை உள்ளே வைரத்தில் இருக்கிறது. கீழே விழுந்த குச்சியைக்கூட எடுத்துப் பையில் போட்டுவிடாதீர்கள். அங்கே அது பெரிய குற்றம்.

மறையூரிலேயே தேவையான பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தும் இங்கேயே. அப்புறம் காந்தலூர் பஸ்ஸோ ஜீப்போ பிடியுங்கள், 15 கி.மீ. போல.

காந்தலூரில் தங்குவது

ரிசார்ட்டுகள் நிறைய வந்துவிட்டன. நான் சொல்வது, விவசாயி வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறார்களா என்று பாருங்கள். பதிவு செய்வதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வெந்நீர் உண்டா, சாப்பாடு வீட்டிலேயே சமைப்பார்களா, இப்போது அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டா. மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிற வீட்டைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் வழக்கமாகத் தங்கும் வீட்டு அக்கா ஒரு வருஷம், "டீச்சர், பத்து நாளா தோட்டத்துக்குள்ள ஆனை நிக்குது, இப்ப வராதீங்க, நானே சொல்றேன்" என்று போன் செய்தார். ஒரு வாரத்து வாடகையை விட்டுக்கொடுத்துச் சொன்ன சொல் அது.

மொழிக் கவலை வேண்டாம். காந்தலூர், மறையூர், கீழாந்தூர், காரயூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்ததை அஞ்சுநாடு என்பார்கள். இந்த ஊர்களின் பழைய குடிகள் தமிழர்கள். மதுரைப் பக்கமிருந்து முன்னோர்கள் மலையேறி வந்ததாகச் சொல்வார்கள். முதுவர், மலைப்புலையர் குடிகளும் சுற்றி இருக்கிறார்கள். பழைய ஊருக்குள் வீடுகள் நெருக்கமாக இருக்கும், வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம், "உள்ளே வரலாங்களா?" என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். கேட்டால் ஊர்க்கதை சொல்வார்கள். கேட்காமல் கேமராவைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அது அவர்கள் உரிமை.

காலையில் ஜீப் வேண்டாம், நடங்கள். புத்தூர், பெருமலை, குளச்சிவயல் பக்கம் படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டு, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் நிற்கும். பூண்டு சிறியது, காரமும் மணமும் அதிகம். இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. அறுத்த பூண்டைத் தாளோடு கட்டி அடுப்படிப் புகைபடும் இடத்தில் தொங்கவிடுவார்கள். மாதக்கணக்கில் கெடாது. பழத்தோட்டங்களில் ஆப்பிளோடு பிளம், பீச், ஆரஞ்சு, மரத்தக்காளி, பேஷன்பழம் எல்லாம் உண்டு. தோட்டத்தில் நுழையக் கட்டணம் வாங்குவார்கள், பறிக்க விடமாட்டார்கள். அவர்கள் பறித்துத் தருவதை வாங்குங்கள். கடையில் பார்க்கும் ஆப்பிளின் மினுமினுப்பு இதில் இருக்காது, கொஞ்சம் புளிப்பும் இருக்கும். அப்பா அதைத்தான் ஆப்பிள் என்பார்.

நடக்கும்போது வெளிறிய தண்டோடு நெட்டையாக நிற்கும் மரங்களைக் கவனியுங்கள். கிராண்டிஸ் என்று ஊரில் சொல்வார்கள், யூகலிப்டஸ் வகை. காகிதக் கூழுக்காகவும் விறகுக்காகவும் நட்டது. அது நின்ற இடத்தில் ஓடை வற்றிவிட்டது என்று விவசாயிகள் கையை நீட்டிக் காட்டுவார்கள். பூண்டு போட்ட வயல்கள் பல அப்படித்தான் போயின. இப்போது வெட்டி எடுக்கச் சொல்லும் குரல் ஊருக்குள்ளேயே வலுத்திருக்கிறது. மேலே மன்னவன்சோலை இன்னும் நிற்கிறது. குட்டையான மரங்கள், பாசி படர்ந்த கிளைகள், காலடியில் மெத்தை போன்ற மக்கு. மழைத் தண்ணீரை அந்த மக்கு பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் கோடையிலும் ஓடையில் நீர் இருக்கிறது. எங்கள் வாய்க்காலில் பங்குனியிலும் தண்ணீர் பார்க்கிறேன் என்றால் இந்தச் சோலையும் இதன் மேலுள்ள புல்வெளியும்தான் காரணம். சோலைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. விளிம்பில் நின்று பார்த்தாலே எனக்குப் போதும்.

அருவிகள்

தூவானத்தைச் சாலையிலிருந்தே தூரத்தில் பார்க்கலாம். மறையூர்–சின்னாறு சாலையில் ஆலம்பட்டிப் பக்கம், காட்டு நடுவே வெள்ளைத் துணி தொங்குவது போல. அருகில் போக வேண்டும் என்றால் வனத்துறை நடத்தும் மலைநடையில்தான் போக முடியும். பழங்குடி வழிகாட்டி கூட வருவார். போய்வர அரை நாள் ஒதுக்குங்கள், காலையில் முதல் ஆளாக நில்லுங்கள், முந்தின நாளே நடை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தீ, யானை, வெள்ளம் என்று எதற்காகவும் நிறுத்திவைப்பார்கள். நிறம் அடிக்கும் சட்டை வேண்டாம், செருப்பு வேண்டாம், வாசனைத் தைலம் வேண்டாம். சின்னாற்றில் சாம்பல் நிற மலையணிலும் நட்சத்திர ஆமையும் உண்டு. எங்கள் வழிகாட்டி அண்ணன் மேலே ஒரு கிளையைக் காட்டி நிறுத்தாமல் இருந்திருந்தால், நான் அந்த அணிலைப் பார்த்தே இருக்கமாட்டேன். நடையில் முக்கால்வாசி அவர் கண்ணால் பார்ப்பதுதான்.

மறையூரிலிருந்து மூணாறு போகும் வழியில் லக்கம் அருவி. இரவிகுளத்துப் புல்வெளியிலிருந்து இறங்கும் தண்ணீர், ஐஸ் மாதிரி இருக்கும். வயதானவர்களும் பக்கத்தில் போய் நிற்க முடிகிற அருவி இது ஒன்றுதான். காந்தலூரிலேயே இரச்சில்பாறை அருவி இருக்கிறது. ஊர்க்காரர் துணையோடு போங்கள். சாலையோரக் கரிமுட்டி மழைக்காலத்தில்தான் அருவி, மற்ற நாளில் ஈரப்பாறை.

இனி நான் முன்பு சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நிற்கும் இடத்தில் மழை இல்லை என்பது இங்கே ஒரு உத்தரவாதமே அல்ல. மழை மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிறது, நீங்கள் அதைப் பார்க்கவே முடியாது. 2011 ஜூலையில் ஒரு ஓடையில் நானும் என் பெண்ணும் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தோம். நல்ல வெயில். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "தண்ணி நெறம் மாறுது, ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினார். எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அவர் குரலில் இருந்த பதற்றத்துக்காகவே பெண்ணை இழுத்துக்கொண்டு ஏறினேன். கொஞ்ச நேரத்துக்குள் தண்ணீர் டீ நிறமாகி, சருகும் குச்சியும் சுழன்றுகொண்டு வந்தது. நாங்கள் நின்றிருந்த பாறை மறைந்துவிட்டது. வகுப்பில் மழை மறைவுப் பிரதேசம் நடத்துகிற எனக்கே அது தோன்றவில்லை.

ஆகவே தண்ணீரில் இறங்கினால் ஒருவர் கரையில் நின்று மேற்பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் கலங்கினாலோ, சருகு வரத் தொடங்கினாலோ, இரைச்சல் கூடினாலோ, செருப்பு துண்டு எதையும் எடுக்க நிற்காமல் மேலே ஏறிவிடுங்கள். எதிர்க்கரைக்குப் போகவே போகாதீர்கள். வெள்ளம் வந்தால் திரும்ப வழியில்லை. ஊர்க்காரர் 'இன்று வேண்டாம்' என்றால் காரணம் கேட்டுக்கொண்டிருக்காமல் திரும்பிவிடுங்கள்.

இரவிகுளம்

1978-ல் தேசியப் பூங்காவான 97 சதுர கி.மீ. காடு. வரையாட்டுக்காகவே காப்பாற்றப்பட்ட இடம். அது நம் மாநில விலங்கு, தமிழ்நாட்டு, கேரள மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. அதன் பெரிய கூட்டம் இங்கேதான் இருக்கிறது. பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பகுதி மட்டும். வாயிலிலிருந்து வனத்துறை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார்கள், அதற்கு மேல் தார்ச்சாலையில் நடை. டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் விடுமுறை நாளில் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். காந்தலூரிலிருந்து போகிறவர்கள் விடியும்போதே கிளம்பி, பார்த்துவிட்டுத் திரும்பும்போது லக்கத்தில் நிற்கலாம். மேலே மூணாறு டவுனுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. நெரிசலில் மாட்டினால் ஒரு நாள் வீண்.

வரையாடு கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். தொடாதீர்கள், எதுவும் கொடுக்காதீர்கள். சாலையோரத்தில் மேய்கிற அந்த ஆட்டைவிட, எதிரே பாறைச்சரிவில் புள்ளியாக நடக்கும் ஆட்டைப் பத்து நிமிஷம் பாருங்கள். கால் வைக்க இடமே இல்லாத இடத்தில் அது எப்படி நிற்கிறது என்று தெரியும். மேகம் விலகினால் ஆனைமுடி, 2,695 மீட்டர். எங்கள் பாம்பாறு அந்தச் சரிவில்தான் தொடங்குகிறது. முதல் பயணத்தில் அப்பா அங்கே நின்று வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இங்கிருந்தா வருது" என்று மட்டும் சொன்னார்.

வட்டவடைப் பக்கம் பாம்பாடும்சோலை என்று இன்னொரு தேசியப் பூங்கா இருக்கிறது, கேரளத்திலேயே சிறியது. வரைபடத்தில் காந்தலூருக்குப் பக்கம் போலத் தெரியும். சாலை சுற்றிக்கொண்டு போகிறது. இரண்டு நாளில் அதையும் திணிக்காதீர்கள், இன்னொரு பயணத்துக்கு வையுங்கள்.

பையில் என்ன

ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும், இரவில் காந்தலூர் நன்றாகக் குளிரும். சோலையோரம் நடந்தால் அட்டை ஏறும். உப்பும் சுண்ணாம்பும் ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிடுங்காமல் அதைத் தொட்டாலே விழுந்துவிடும். டார்ச், மாத்திரை, எவர்சில்வர் பாட்டில், குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பை. பெண்களுக்கு ஒரு வார்த்தை: மறையூர் தாண்டினால் நடுவழியில் நல்ல கழிப்பறை அரிது, பஸ் ஏறும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், நாப்கினைக் காட்டில் போட்டுவிடாமல் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். அருவியில் பாட்டுப் போட்ட ஒரு கூட்டத்தால், அன்று நாங்கள் காத்திருந்த மலையணிலும் போனது, அருவிச் சத்தமும் போனது.

திரும்பும்போது சாயங்காலக் கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். மதியத்துக்கு மேல் வரும் பஸ்ஸிலேயே மறையூரிலிருந்து இறங்கிவிடுங்கள். பூண்டு வாங்கியிருந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டி மூடாதீர்கள், வியர்த்து முளைத்துவிடும். சாக்கிலோ துணிப்பையிலோ வைத்து, வீட்டுக்கு வந்ததும் தாளோடு காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். போன ஆகஸ்டில் கொண்டுவந்த கட்டு எங்கள் சமையலறையில் தைப்பொங்கல் வரைக்கும் இருந்தது.